பட்டம் இரண்டு, பணியிடம் எங்கே?

வெளிநோயாளர் கூட்டம் சற்றே தணிந்த நேரத்தில் இறுதியாண்டு மாணவி ஒருவர் கேட்டார்: “சார், எம்.டி.யையும் பிஎச்.டி.யையும் சேர்த்துப் படிக்கலாம்னு சொல்றாங்களே, அதெல்லாம் நமக்கு ஆகுமா?” நான் வாயைத் திறக்கும் முன்பே பக்கத்து நாற்காலியில் இருந்த நண்பர் பதில் சொல்லிவிட்டார்: “ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால். வேண்டாம்மா.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அரசுப் பணியில் முடி நரைத்தவரின் பதில் அது. மறுத்துச் சொல்ல எனக்கு உடனே எதுவும் தோன்றவில்லை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் திண்டுக்கல் சமவெளியில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் கர்ப்பிணிகளின் கையில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம் கலந்த சிவப்பு மாத்திரை இருக்கும். நாம் நாள்தோறும் யோசிக்காமல் எழுதித் தருகிறோம். அந்த மாத்திரையின் பாதி கதை நம் மாநிலத்தில் நடந்தது. லூசி வில்ஸ் கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்துவிட்டு, பிறகு லண்டனில் மருத்துவம் படித்தவர். 1928-ல் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகையைப் பார்த்தார். சிவப்பணுக்கள் பெருத்திருந்தன. அன்று தெரிந்த எந்த விளக்கத்துக்கும் அது சரியாகப் பொருந்தவில்லை. 1929-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் எலிகளுக்குத் தீவனம் மாற்றி மாற்றிச் சோதித்தார். 1931-ன் தொடக்கத்தில் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில், அதாவது இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையில், நோயாளிகளிடையே வேலை செய்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் ரத்தம் தேறுகிறது என்று அதே ஆண்டு எழுதினார். சாற்றில் இருந்த பொருள் எது என்று மட்டும் அப்போது தெரியாது.

அந்தப் பொருளை 1945-ல் ஆய்வகத்தில் செய்து காட்டியது அமெரிக்க லெடர்லி நிறுவனத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். கதர் உடுத்தியதால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் மனக்கசப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தவர். ஹார்வர்டில் 1930-ல் உயிர்வேதியியலில் முனைவர் ஆனார். ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் பாஸ்பரஸ் அளக்க நெடுங்காலம் கையாண்ட ஃபிஸ்கே–சுப்பாராவ் முறையில் உள்ள சுப்பாராவ் இவர்தான். யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசின் மாத்திரையும் அவர் வழிநடத்திய ஆய்விலிருந்தே வந்தது. மருத்துவமும் முனைவர் பட்டமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. ஆனால் அவர் சென்னைக்குத் திரும்பவே இல்லை. கதையின் இந்தப் பாதியை நாம் பெருமை பேசும்போது விட்டுவிடுகிறோம்.

இன்னொரு பழைய கணக்கும் நம் பக்கத்தில் இருக்கிறது. திண்டுக்கல் 1985 வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. வயலில் வெறுங்காலோடு நிற்பவர்களின் பாதம் வீங்கி, துளை விழுந்து, குருணை குருணையாகச் சீழ் வடியும் நோய்க்கு உலகம் வைத்த பெயர் மதுரைக் கால். 1842-ல் மதுரை மருந்தகத்தில் இருந்த கில் என்ற மருத்துவர் அதைப் பதிவு செய்தார். அது பூஞ்சையால் வருவது என்று நிறுவி மைசெட்டோமா என்று பெயரிட்டவர் பம்பாயில் இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர். முதலாண்டில் நாம் முட்டி மோதிப் படித்த கிரேஸ் உடற்கூறியல் நூலின் முதல் பதிப்புக்குப் படம் வரைந்தவரும் அவரே. நோயைக் கண்டது இங்கே, காரணத்தைக் கண்டது அங்கே. நம்முடைய வெளிநோயாளர் பிரிவில் முளைக்கும் கேள்விகள் பெரும்பாலும் இன்னும் இப்படித்தான் வேறு ஊர் போய்ச் சேருகின்றன, போகும் வழியிலேயே தொலைந்து போகாவிட்டால்.

இப்போது பட்டத்துக்கு வருவோம். மருத்துவத்தையும் முனைவர் படிப்பையும் ஒரே பாதையாகக் கட்டியது அமெரிக்காவின் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம், 1956-ல். 1964 முதல் அந்நாட்டு அரசே மூன்று கல்லூரிகளில் கல்விக் கட்டணமும் உதவித்தொகையும் கொடுத்து அதை வளர்த்தது. அவ்வளவு செய்தும் 1979-ல் ஜேம்ஸ் வின்கார்டன், நோயாளியிடம் ஆய்வு செய்யும் மருத்துவர் அருகி வரும் உயிரினம் என்று எழுத வேண்டியிருந்தது. கொழுப்பு ஆய்வுக்காக 1985-ல் நோபல் பெற்ற பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரில் யாருக்கும் பிஎச்.டி. கிடையாது. அவர்களுக்குக் கிடைத்தது தேசிய சுகாதார நிறுவனத்தில் சில ஆண்டுக் காலமும் தேர்ந்த வழிகாட்டிகளும். வியட்நாம் போர்க்கால ராணுவச் சேவைக்குப் பதிலாக ஒரு தலைமுறை மருத்துவர்கள் அந்த நிறுவனத்தின் ஆய்வகங்களுக்குள் போனார்கள். போர் முடிந்ததும் அந்த வாசல் அடைபட்டது. பட்டத்தைவிட நேரம் பெரிது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பட்டமே வேண்டாம் என்று இதிலிருந்து நான் வாதாடவில்லை. நேரத்தைக் காப்பாற்றித் தரும் ஏற்பாடாகப் பட்டம் இருந்தால் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு.

நம் நாட்டிலும் முயற்சி இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் லக்னோவில் எம்.டி.–பிஎச்.டி. திட்டம் நடத்தியது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் 2022 பிப்ரவரியில் 425 கோடி ரூபாய் நன்கொடையோடு முதுநிலை மருத்துவப் பள்ளியையும் 800 படுக்கை மருத்துவமனையையும் அறிவித்தது. எம்.டி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த இரட்டைப் பட்டம்தான் அதன் நடுநாயகம். சென்னை ஐ.ஐ.டி. 2023-ல் மருத்துவ அறிவியலுக்கென்றே தனித் துறை தொடங்கியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வேறு மாதிரி. இரட்டைப் பட்டம் என்று பெயர் சூட்டாமலேயே, எம்.டி. முடித்தவர்கள் பணியில் இருந்தபடி முனைவர் ஆகும் வழக்கம் அங்கே உண்டு. ககன்தீப் காங் அங்கேயே எம்.பி.பி.எஸ்., எம்.டி., 1998-ல் பிஎச்.டி. முடித்து நெடுங்காலம் அங்கேயே பணியாற்றினார். குழந்தைகளின் வயிற்றுப்போக்கை விடாமல் பின்தொடர்ந்தார். இந்தியாவில் உருவான ரோட்டா வைரஸ் தடுப்பூசியை 6,799 குழந்தைகளிடம் சோதித்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் அவர். சுப்பாராவுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு திறமையில் இல்லை. ஒருவருக்கு உள்ளூரில் உட்கார இடம் இருந்தது, மற்றவருக்கு இல்லை.

அரசு மருத்துவக் கல்லூரியில் அந்த இடம் உண்டா? மாணவியின் வயதை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பதினெட்டில் சேர்ந்தால் ஹவுஸ் சர்ஜன் முடிக்கும்போது இருபத்து மூன்றரை. முதுநிலை நீட் தேர்வுக்கு ஒன்றோ இரண்டோ ஆண்டு. எம்.டி. மூன்றாண்டு. முனைவர் பட்டத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி குறைந்தது மூன்று, கூடினால் ஆறு. முப்பத்து மூன்றில் வெளியே வருவார். அதே வயதில் அவருடைய வகுப்புத் தோழர் டி.எம். முடித்து மாலை ஐந்து மணிக்கு மேல் கிளினிக்கும் நடத்திக்கொண்டிருப்பார். தமிழ்நாட்டில் அரசு மருத்துவர் பணி நேரத்துக்குப் பிறகு தனியாகப் பார்க்கலாம் என்பதால், ஆய்வகத்தில் கழியும் ஒவ்வொரு மாலைக்கும் ஒரு விலை உண்டு. வீட்டுக் கடன் கட்டுபவருக்கு அந்த விலை நன்றாகவே தெரியும். இதைத் தியாகம் என்று பேசி மூடிவிட முடியாது. கணக்காகப் பேசினால்தான் தீர்வு வரும்.

கடைசியில் இவர் எந்த நாற்காலியில் உட்காருவார்? மருத்துவப் பேராசிரியராக எம்.டி. போதும். பிஎச்.டி. இருந்தாலும் வாரத்தில் ஒரு நாள்கூட ஆய்வுக்கென்று கிடைக்காது. பணி மாறுதல் கலந்தாய்வு வந்தால், பாதி முடிந்த ஆய்வை விட்டுவிட்டு வேறு மாவட்டத்துக்குப் பெட்டி கட்ட வேண்டும். பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை கேட்கிறார்கள், அது உண்மை. அதன் விளைவை இதழாசிரியர் மேசையிலிருந்து சொல்கிறேன். பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும் மாதங்களில் அஞ்சல்பெட்டி நிரம்பி வழியும். ‘நூறு நோயாளிகளில் ஓர் ஆய்வு’ என்ற தலைப்பில் ஒரே கட்டுரை, நோயின் பெயர் மட்டும் மாறி, நான்கு ஊர்களிலிருந்து வரும். என் எம்.டி. ஆய்வேட்டிலும் நூறு நோயாளிகள்தான். ஏன் நூறு என்று வாய்மொழித் தேர்வில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இணையவழியில் நடத்தும் அடிப்படை ஆய்வுப் பயிற்சி இப்போது கட்டாயமாகியிருப்பதால் இளையவர்கள் எங்களைவிடத் தேவலாம். ஆனாலும் அது நீச்சலைப் பற்றிய பாடம்தான். குளத்தில் இறங்கவும் ஒரு படித்துறை வேண்டுமே.

படித்துறை கட்ட இந்த மாவட்டத்தில் கல் இல்லாமல் இல்லை. டாக்டர் சௌந்தரம் 1947-ல் ஜி. ராமச்சந்திரனோடு காந்திகிராமத்தைத் தொடங்கினார். டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்தவர் அவர். சின்னாளபட்டி அருகே கஸ்தூரிபா மருத்துவமனையும் எழுந்தது. 1959 முதல் ஆத்தூர் ஒன்றியத்தில் காந்திகிராமம் ஒரு முன்னோடி சுகாதாரத் திட்டத்தை நடத்தியது. வீடு வீடாகப் பிறப்பைக் கணக்கெடுத்து, என்ன சொன்னால் எது மாறுகிறது என்று பார்த்து, அதைக் கொண்டு குடும்பநல வேலையைத் திருத்திக்கொண்டது. அந்த அனுபவத்திலிருந்து 1964-ல் ஊரக சுகாதார, குடும்பநல நிறுவனம் பிறந்தது. பெரிய கருவி எதுவும் இல்லை. ஒரு கேள்வி இருந்தது, பத்தாண்டு அதே ஊர்களில் காத்திருக்கும் பொறுமை இருந்தது. பக்கத்திலேயே வேதியியலும் உயிரியலும் கற்பிக்கும் கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2022 ஜனவரி 12-ல் திறந்த பதினோரு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றாகத் திண்டுக்கல் அரசுக் கல்லூரியும் வந்துவிட்டது. இம்மூன்றுக்கும் நடுவில் உள்ள தூரம் அரை மணி நேரப் பேருந்துப் பயணம். மருத்துவரும் வேதியியலாளரும் ஒரே ஆய்வுக்காக அந்தப் பேருந்தில் ஏறுவது மட்டும் அரிது.

கேள்விகளுக்குப் பஞ்சமா? தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு குடகனாற்றுப் படுகையில் நிலத்தடி நீரை உப்பாக்கிய கதையை நிலவியலாளர்கள் பல ஆண்டுகளாக அளந்து எழுதியிருக்கிறார்கள். குரோமியம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று எண்கள் உண்டு. அந்தத் தண்ணீரைக் குடித்தவரின் சிறுநீரகத்தையும் தோலையும் அதே கவனத்தோடு நாம் பின்தொடர்ந்தோமா? இப்படிப்பட்ட நோய் முதலில் தெரிவது நம்மிடம்தான்: இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் உழவர்களிடையே காரணம் தெரியாத சிறுநீரக நோய் 1990-களில் மருத்துவமனைப் படுக்கைகளில்தான் முதலில் கண்ணில் பட்டது. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகளில் பஞ்சுத் தூசியோடு வேலை செய்யும் பெண்களின் மூச்சும், அவர்களுடைய ரத்தசோகையும் லூசி வில்ஸ் விட்ட இடத்திலேயே நிற்கின்றன. நிலக்கோட்டைப் பூந்தோட்டங்களில் விடியும் முன்பே மல்லிகை பறிக்கும் கைகளில் பூச்சிமருந்து எவ்வளவு ஏறுகிறது? மலையடிவாரக் காய்ச்சல்களும் இருக்கின்றன. உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்ந்து கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று 2023-ல் வேலூர் மருத்துவர்கள் முன்னின்ற இந்திய ஆய்வு காட்டியது. தீவிர நோயோடு படுத்த 794 பேரைக் கொண்டு கிடைத்த விடை அது. விலை மலிவான இரண்டு பழைய மருந்துகள், சரியாகக் கேட்ட ஒரு கேள்வி. இந்த வகை ஆய்வுக்குப் பல கோடி ரூபாய்க் கருவி தேவையில்லை. கேள்வியைக் கேட்க நேரம் உள்ள மருத்துவர் தேவை.

ஆகவே என் கோரிக்கை பட்டத்திலிருந்து தொடங்கவில்லை, பணியிடத்திலிருந்து தொடங்குகிறது. புதிதாக வந்த மாவட்டக் கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் உதவிப் பேராசிரியர் நிலையில் இரண்டே இரண்டு பணியிடங்களை மருத்துவ ஆய்வாளருக்கென்று ஒதுக்கலாம். வாரத்தில் மூன்று நாள் வார்டு, மூன்று நாள் ஆய்வு. பிஎச்.டி. பதிவு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில். வழிகாட்டிகள் இருவர், ஒருவர் நோயாளி பார்ப்பவர், இன்னொருவர் பார்க்காதவர். ஆய்வுக் கேள்வி அந்த மாவட்டத்து நோயாளியிடமிருந்து வந்ததாக இருக்க வேண்டும். ஆறாண்டுக்குப் பணி மாறுதல் கூடாது, அந்த ஆண்டுகள் பணி மூப்பில் முழுதாகச் சேர வேண்டும். மாலை கிளினிக்கை விட்டுக்கொடுப்பவருக்கு ஈடாக மாதப்படி. பெரிய தொகை ஆகாது, ஆளும் இரண்டு பேர்தான். பெங்களூருக்குப் போய் இரட்டைப் பட்டம் வாங்கி வருபவருக்கும் அப்போது திரும்பி வர ஓர் ஊர் இருக்கும். இல்லாவிட்டால் நாம் பயிற்றுவிப்பது பாஸ்டனுக்கும் ஹைதராபாத் மருந்து நிறுவனங்களுக்கும் ஆள் அனுப்புவதாகவே முடியும். அதில் தவறொன்றும் இல்லை. அதற்கு நம் பணம் எதற்கு என்பதுதான் கேள்வி.

நண்பரிடம் இதைப் படித்துக் காட்டினேன். “ஆறு வருஷம் மாறுதல் இல்லையா? அப்போ நானே விண்ணப்பிச்சிருப்பேன்” என்றார். மாணவி இதற்குள் வேறொரு வேலை தொடங்கிவிட்டிருந்தார். காய்ச்சலோடு வருபவர்களின் ஊர்ப் பெயரையும், உடம்பில் உண்ணி கடித்துக் கருகிய புண் இருந்ததா என்பதையும் நீளக் கோடு போட்ட நோட்டில் குறித்து வருகிறார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. போன வாரம் அதை என் மேசையில் வைத்து, “இதை எந்த ரிஜிஸ்டர்ல சேர்க்கணும் சார்?” என்று கேட்டார். பிரிவில் இருக்கும் எல்லாப் பதிவேடுகளையும் நானும் அவரும் புரட்டிப் பார்த்தோம். இப்போதைக்கு அது என் இழுப்பறையில் இருக்கிறது.