ஒரு தட்டு பன்றிக்கறிக்கு 3 மணி நேரக் கூலி!

டோக்கியோ நகரில் பட்டப்பகலில் ஒரு கொள்ளை நடக்கிறது. கத்தி உண்டு. ஆனால் அது சமையல்காரர் கையில் இருக்கிறது. பணத்தைப் பறிகொடுத்தவர் போலீசுக்குப் போவதில்லை. ரசீதை வாங்கிக்கொண்டு, குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்.

அந்தப் பண்டத்தின் பெயர் டோங்காட்சு. "டோன்" என்றால் பன்றி. "காட்சு" என்பது கட்லெட் என்ற சொல்லின் திரிபு. உருளைக்கிழங்கு கட்லெட் என்று நினைத்துவிட வேண்டாம். இது முழுக் கறித்துண்டு. மாவு, முட்டை, ரொட்டித்தூள் மூன்றிலும் புரட்டி எண்ணெயில் பொரித்து எடுப்பது. கூடவே பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், சோறு, மிசோ சூப், ஊறுகாய். அவ்வளவுதான் சமாசாரம்.

பெயர் பெற்ற கடைகளில் இந்த ஒரு தட்டுக்கு 3,000 யென், 4,000 யென் என்று தீட்டுகிறார்கள். 3,500 யென் என்றால் நம்ம பணத்தில் சுமார் 2,000 ரூபாய்!

கூலிக்காரன் கணக்கு

டோக்கியோவில் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபரில் மணிக்கு 1,226 யென் ஆனது. அப்படியானால் 3,500 யென் தட்டுக்கு ஒரு தொழிலாளி ஏறக்குறைய 3 மணி நேரம் உழைக்க வேண்டும். அதைச் சாப்பிட்டு முடிக்க 20 நிமிஷம் போதும்!

இது ராஜா வீட்டு விருந்தாக இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. டோங்காட்சுவின் பூர்வீகம் வேறு. கின்சா பகுதியில் 1895-ல் தொடங்கிய ரெங்காதேய் என்ற ஓட்டல், 1899-ல் பன்றிக்கறியைப் பொரித்துக் கொடுத்தது. வெள்ளைக்காரன் பண்டத்தை ஜப்பான்காரன் தன் ருசிக்கு மாற்றிக்கொண்டான். கத்தி, முள்கரண்டி வேண்டாம் என்று முன்கூட்டியே நறுக்கி, குச்சியால் எடுத்துச் சாப்பிடும்படி செய்தான். கறிச்சோறு, குரோக்கே, டோங்காட்சு மூன்றும் சாமானியன் வயிற்றை நிரப்பிய பண்டங்கள். இன்றைக்கும் பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் சாதாரணக் கடைகளில் 1,000 யென்னுக்குள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

அப்புறம் இந்த 3,500 எங்கிருந்து வந்தது?

முதலாளி சொல்வது

கடைக்காரரைக் கேட்டால் கணக்கு தயாராக இருக்கும். "நல்ல சாதிப் பன்றி. கனமான துண்டு. குறைஞ்ச சூட்டிலே நிதானமா பொரிக்கணும். எண்ணெய் விலை ஏறிப்போச்சு, அரிசி விலையும் ஏறிப்போச்சு." பொய் என்று சொல்ல முடியாது. 2025-ல் ஜப்பானில் அரிசி விலை முந்திய ஆண்டைப்போல் இரண்டு மடங்கு ஆகி, அரசாங்கமே சேமிப்புக் கிடங்கைத் திறக்க வேண்டி வந்தது.

ஆனால் அரிசி விலை மலிவுக் கடைக்கும் ஏறியதுதானே? அவன் எப்படிச் சமாளிக்கிறான்?

விஷயம் வாசலில் நிற்கிறது. கியூ! 2024-ல் யென் மதிப்பு 38 ஆண்டுகளில் இல்லாத அளவுக்கு விழுந்தது. அந்த ஆண்டு 3 கோடியே 68 லட்சம் வெளிநாட்டார் ஜப்பானுக்கு வந்தார்கள். டாலர் பையுடன் வருகிறவனுக்கு 3,500 யென் பெரிய தொகை அல்ல. அவன் ஒரு மணி நேரம் நின்று, படம் பிடித்து, சாப்பிட்டுவிட்டுப் போகிறான். முதலாளி விலையை ஏற்றினாலும் கியூ குறைவதில்லை. பக்கத்து ஆபீஸ் குமாஸ்தா எட்டிப் பார்த்துவிட்டு, "நமக்குக் கட்டுப்படியாகாது" என்று நடையைக் கட்டுகிறான். கறிக்குக் கொடுப்பது பாதி, கியூவுக்குக் கொடுப்பது பாதி!

சட்டம் என்ன செய்யும்?

விலையை எழுதி வைத்திருப்பதால் இது குற்றம் ஆகாது. 2021 ஏப்ரல் முதல் வரியையும் சேர்த்து மொத்த விலையைக் காட்டியே ஆக வேண்டும். உட்கார்ந்து சாப்பிட்டால் வரி 10 சதவீதம். "கரும்பன்றி" என்று போட்டால் அது சுத்தமான பெர்க்‌ஷயர் இனமாக இருக்க வேண்டும் என்றும் விதி உண்டு.

ஆனால் விதி இருந்தால் போதுமா? 2013-ல் பெரிய பெரிய ஓட்டல்களே மெனுவில் ஒன்றைப் போட்டு, தட்டில் வேறொன்றை வைத்தது அம்பலமாகி நாடே சிரித்தது. 2014-ல் சட்டத்தை இறுக்க வேண்டி வந்தது. விலை கூடக்கூட வாடிக்கையாளர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத்தான் வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். கறியின் எடை எத்தனை கிராம், எந்த இனம், மறுசோறும் மறு கோஸும் இலவசமா காசா என்பதை வாசல் பலகையிலேயே எழுதட்டும். மத்தியானத்தில் மலிவுத் தட்டு போடும் கடைகள் அதை நிறுத்திவிடக் கூடாது. வெளிநாட்டான் இன்றைக்கு வருவான், யென் ஏறினால் வரமாட்டான். அப்போது கடையைக் காப்பாற்றப் போகிறவன் பக்கத்து ஆபீஸ் குமாஸ்தாதான்.

ஜப்பானிய மொழியில் "காட்சு" என்றால் ஜெயிப்பது என்றும் பொருள். அதனால் பரீட்சைக்கு முந்தின நாள் பிள்ளைகளுக்கு இந்தக் கறியை ஊட்டுவது தாய்மார் வழக்கம். பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்று வாங்கும் தட்டில், கல்லாப்பெட்டி மட்டும் ஜெயித்தால் எப்படி?