முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்



நம் இல்லங்கள் சிலவற்றில் திண்ணையோரத்திலோ மாட்டுக்கொட்டகையின் மூலையிலோ சாக்குப் போர்த்திய உருவம் ஒன்று நிற்பதைக் காணலாம். தந்தையாரோ பாட்டனாரோ ஓட்டிய மோட்டார் சைக்கிள் அது. விற்க மனம் வராது, ஓட்டவும் இயலாது. இப்போது இளைஞர்களுக்குப் பழைய வண்டிகள்மீது ஆர்வம் பிறந்திருக்கிறது. முன்னோர் உழைத்துச் சேர்த்த பொருளைப் பேணுவது நல்ல பண்பே. ஆயினும் உறங்கும் வண்டியை எந்த வரிசையில் எழுப்புகிறோம் என்பதில் உயிரே அடங்கியிருக்கிறது. இதை நாம் ஏட்டில் படித்து அறியவில்லை, அடிபட்டு அறிந்தோம்.

நம் தந்தையார் 1978ஆம் ஆண்டு புல்லட் ஒன்று வாங்கினார். கல்வராயன் மலையூர்களில் புளியும் கடுக்காயும் மரவள்ளிக் கிழங்கும் கொள்முதல் செய்ய அவ்வண்டியே அவருக்குத் துணை. அவர் மறைந்தபின் பதினோரு ஆண்டுகள் அது கொட்டகையில் கிடந்தது. கல்லூரியில் பயிலும் நம் மகன் ஒரு விடுமுறையில் அதைத் துடைத்து, புதிய பெட்ரோல் ஊற்றி, ஸ்பார்க் பிளக்கை மாற்றி உதைத்தான். பத்தாவது உதையில் எஞ்சின் பேசியது. அந்த ஓசையைக் கேட்டதும் தந்தையாரே வாசலில் வந்து நிற்பதுபோல் நமக்குத் தோன்றிற்று, கண்களும் கலங்கின. கலங்கிய கண்ணால் பிரேக்கைப் பார்க்கத் தவறினோம். "ஓடுகிறதே, அம்மாவை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வா" என்று நாமே அனுப்பிவைத்தோம்.

கச்சிராயபாளையம் சாலையில் பொழுது சாயும் நேரம். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்விளக்கின்றி நின்றிருந்தது. மங்கிய முகவிளக்கில் அது அருகில் வந்த பின்பே தெரிந்தது. மகன் வலக்காலை அழுத்தினான். இன்றைய வண்டிகளில் வலக்காலின்கீழ் இருப்பது பிரேக். அக்காலத்துப் புல்லட்டிலோ வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். அவன் அழுத்தியது கியரை! தவற்றை உணர்ந்து இடக்காலை ஊன்றியபோது, பதினோரு ஆண்டு உறங்கிய பிரேக் ஷூ டிரம்மைப் பற்றாமல் வழுக்கிற்று. வண்டி சாலையை விட்டு இறங்கிக் கரும்புத் தோட்டத்தில் சாய்ந்தது. மகனுக்குச் சிராய்ப்பு, அவன் தாய்க்கு மணிக்கட்டு எலும்பு முறிவு. அன்றிரவு மருத்துவமனை வராந்தாவில் நின்ற நம்மிடம் யாரும் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அதுவே நமக்குப் பெரிய தண்டனையாயிற்று.

பிறகு, நாற்பது ஆண்டுகளாகப் புல்லட் வண்டிகளையே பழுது பார்த்துவரும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சேர்த்தோம். அவர் கேட்ட முதற் கேள்வி இது: "தம்பி, எஞ்சின் நின்னுட்டா தள்ளிக்கிட்டாவது வீட்டுக்கு வந்துடலாம். பிரேக் நிக்கலேன்னா எப்படி வருவே?" அவரிடம் நாம் கற்ற வரிசையையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

வண்டி எத்தகையது என்று முதலில் அறிதல் வேண்டும். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனத்தோடு கைகோத்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கியது. சென்னையை அடுத்த திருவொற்றியூர் ஆலையில் புல்லட் உருவாயிற்று. 1970இல் இங்கிலாந்தில் அத்தொழில் மூடப்பட்ட பின்னரும், நம் நாட்டில் அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் பெரிய மாறுதலின்றிப் பல்லாண்டுகள் தொடர்ந்தது. ஆகவே உதிரி பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. மைசூரில் செய்யப்பட்ட ஜாவா, எஸ்டி வண்டிகளின் ஆலை 1996இல் மூடப்பட்டது. அவற்றை வைத்திருப்போர் பாகங்களைத் தேடிச் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்குவதே நன்று.

முதல் வேலை பிரேக். இரு சக்கரங்களையும் கழற்றி டிரம்மைத் திறக்க வேண்டும். உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதலாகாது. பழைய பிரேக் ஷூக்களில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் கலந்திருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஷூவின் முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் அது பற்றாது. சக்கர பேரிங்கின் கிரீஸ் கசிந்து அதில் ஊறியிருந்தால், உப்புத்தாள் கொண்டு தேய்த்தாலும் பயனில்லை. ஷூவையும் கசியும் சீலையும் மாற்றியே தீர வேண்டும். முன்பிரேக் கேபிளின் ஓர் இழை பிரிந்திருந்தாலும் புதியது போடுக.

அடுத்தது சக்கரமும் டயரும். நம் வண்டியின் டயரில் பட்டைகள் தேயாமல் அழகாய் இருந்தன. "காலை வைத்து ஏமாறாதே, வயதைப் பார்" என்றார் பெரியவர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2309 என்றிருந்தால் 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பத்தாண்டு கடந்த டயர் பார்வைக்குப் புதிதாயினும் ரப்பர் இறுகியிருக்கும், மழைச்சாலையில் பிடிக்காது. டயரோடு டியூபையும் மாற்றுதல் நலம். ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் தளர்ந்தது ஓசையில் தெரிந்துவிடும். ஹேண்டில்பாரைத் திருப்பும்போது நடுவில் சிக்கினால் கோன் செட் தேய்ந்துள்ளது எனக் கொள்க.

எஞ்சின் இதன் பிறகே. நெடுநாள் நின்ற எஞ்சினை உடனே உதைப்பது பெருந்தவறு. பிளக்கைக் கழற்றி, துளையில் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு ஓரிரவு ஊறவிட வேண்டும். மறுநாள் பிளக் இல்லாமலே கிக்கரை மெல்ல அழுத்திச் சுழற்ற வேண்டும். பழைய ஆயிலை முழுதும் வடித்து, வடிகட்டியையும் மாற்றுதல் வேண்டும். காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை. பிளக் இடைவெளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். டேப்பட் சரிபார்ப்பது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே. பிஸ்டன் மேலேறி, இரு வால்வுகளும் மூடிய நிலையில், புஷ்ராடு விரலால் சுழல வேண்டும்; மேலும் கீழும் ஆடலாகாது.

பெட்ரோலைப் பற்றி ஒரு சொல். இன்று பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. அதில் ஒரு பகுதி கரும்பாலையின் மொலாசஸிலிருந்து வருவது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளைக் கொண்ட நம் பகுதியினருக்கு இதை விளக்கத் தேவையில்லை. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். அக்காலத்து ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் ஊதச் செய்யும். எனவே டேங்கின் துருவை அகற்றி, பெட்ரோல் குழாயைப் புதிதாக மாற்றி, கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவுதல் அவசியம். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதாயின் டேங்கில் பெட்ரோலைத் தேங்கவிடாதீர்.

அக்காலத்து 6 வோல்ட் விளக்கு இக்காலத்துச் சாலைக்குப் போதாது. கரும்பு வெட்டுக் காலத்தில் நம் சாலைகளில் இரவில் செல்வோர் இதை நன்கறிவர். வயரிங் முழுவதையும் புதுப்பித்து 12 வோல்ட்டுக்கு மாற்றிக்கொண்டோம். பின்விளக்கும் பிரேக் விளக்கும் எரிவதை ஒவ்வொரு பயணத்திற்கு முன்னும் பார்க்கிறோம். பின்னால் அமரும் பெண்களுக்காகச் சேலைத் தடுப்பும் கைப்பிடியும் புதிதாய்ப் பொருத்தினோம்.

இனி ஆவணங்கள். நம் வண்டியின் பழைய பதிவுப் புத்தகத்தில் மாவட்டம் தென் ஆர்க்காடு என்றிருந்தது. 1993இல் அது விழுப்புரம் மாவட்டமாகி, 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி மாவட்டமும் பிறந்துவிட்டது, புத்தகமோ மாறவில்லை! 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு வண்டியைக் காட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உரிமையாளர் காலமானால் மூன்று திங்களுக்குள் வாரிசின் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நாம் அதைப் பதினோரு ஆண்டுகள் தள்ளிப்போட்டோம். அன்று சாய்ந்த வண்டிக்குக் காப்பீடும் இல்லை. கரும்புத் தோட்டத்திற்குப் பதில் வழியே நடந்துசென்ற ஓர் ஏழையின்மேல் அது சாய்ந்திருந்தால், அக்குடும்பத்திற்கு நாம் என்ன விடை கூறியிருப்போம்?

எல்லாம் முடிந்த பின்னும் உடனே மலையேறவில்லை. முதலில் ஊருக்குள் ஐந்து கிலோமீட்டர். திரும்பியதும் நட்டு போல்ட்டுகளை இறுக்கினோம். அடுத்து இருபது, மீண்டும் ஆயில் கசிவையும் செயினின் தளர்ச்சியையும் பார்த்தோம். மகனோ, வெற்றுத் திடலில் ஒரு வாரம் இடக்கால் பிரேக்கைப் பழகினான். கால் பழகியது என்று பெரியவர் தலையசைத்த பின்னரே சாலைக்கு விட்டோம்.

சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி உயரமும் பெரிய கல்வராயன் 4,000 அடி வரையும் கொண்டது. ஏற்றம் எஞ்சினுக்குச் சோதனை. இறக்கம் பிரேக்குக்குச் சோதனை. இறங்கும்போது பிரேக்கை ஓயாமல் அழுத்தி வந்தால் டிரம் சூடேறி, அழுத்த அழுத்தப் பிடிப்பு குறையும். ஏறிய அதே கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை இடையிடையே தொட்டால் போதும். ராஜ்தூத், எஸ்டி போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்போர்க்கு மற்றோர் எச்சரிக்கை. அவற்றில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே எஞ்சினுக்குப் போகிறது. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முற்றிலும் மூடிவைத்தால் ஆயிலும் நின்று பிஸ்டன் இறுகிவிடக்கூடும். அவ்வப்போது கிளட்சைப் பிடித்துச் சிறிது முடுக்கிவிடுக.

2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். எனவே ஓட்டுபவர், பின்னிருப்பவர் இருவருக்கும் தலைக்கவசம் இன்றி நம் வண்டி இப்போது வாசல் தாண்டுவதில்லை.

சென்ற தைத் திங்களில் கோமுகி அணைப் பக்கமாக வெள்ளிமலைக்கு ஏறினோம். மகன் வண்டியை ஓட்ட, அவன் தாய் பின்னால் அமர்ந்தாள்; நாம் பேருந்தில் சென்றோம். வெள்ளிமலையில் வண்டி வந்து நின்றபோது அவள் சொன்னது இதுதான்: "வழியெல்லாம் நல்லா நின்னுச்சு." ஓடியதைப் பற்றி அவள் ஒன்றும் கூறவில்லை.

உங்கள் வீட்டுச் சாக்கையும் ஒருநாள் விலக்குங்கள், அன்பர்களே. ஆனால் கிக்கரில் கால் வைக்கும் முன், பிரேக்கைத் திறந்து பாருங்கள்.