மருத்துவரிடம் மறைக்கலாமா?

"போதும் இந்த வாழ்க்கை, பகவான் அழைத்துக்கொள்ளட்டும்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்காத வீடு இல்லை. களைப்பில் வரும் சொல்லாக அது இருக்கலாம். தூக்கமற்ற இரவுகளில் "நானே முடித்துக்கொண்டால் என்ன?" என்ற எண்ணமாக அது மாறும்போதோ, பலர் அதை மனநல மருத்துவரிடம்கூடச் சொல்வதில்லை. சொன்னால் மருத்துவமனையில் அடைத்துவிடுவார்கள் என்ற அச்சமே காரணம்.

அச்சம் ஆதாரமற்றதன்று. நம் தலைமுறையில் 'கீழ்ப்பாக்கம்' என்பது ஏச்சுச் சொல்லாகவே இருந்தது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடிக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப இயலாமல் மாண்டதை எவர் மறப்பார்?

ஆயினும் இன்றைய நிலை வேறு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. தாமாக விரும்பிச் சேர்ந்தவர் கேட்டால் அனுப்பிவிட வேண்டும். ஆபத்து உண்டா என்று மதிப்பிட 24 மணி நேரம் மட்டுமே நிறுத்திவைக்கலாம். விருப்பமின்றிச் சேர்க்க வேண்டுமானால், இரு வல்லுநர்கள் தனித்தனியே பரிசோதித்து, தமக்கோ பிறர்க்கோ கடும் தீங்கு நேரும் என்றோ தம்மைப் பேணிக்கொள்ள இயலாத நிலை என்றோ காண வேண்டும். அப்போதும் முதலில் 30 நாள் வரையே அனுமதி. நாம் சொல்வதை இரகசியமாகக் காப்பதும் சட்டக் கடமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களே விலக்கு.

மருத்துவர் "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று கேட்பது நம்மை அடைப்பதற்கன்று. மேலோட்டமான எண்ணமா, நாளும் வழியும் குறித்த திட்டமா என்று பிரித்தறியவே கேட்கிறார். எண்ணம் மட்டுமே உள்ள பலருக்கு வீட்டிலிருந்தபடியே சிகிச்சை அளிக்க இயலும்.

மறைப்பதனால் வரும் கேட்டையும் எண்ணிப் பாருங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு "சாப்பிடுகிறேன்" என்றால், மருந்து பலிக்கவில்லை என்று கருதி அளவைக் கூட்டுவார். மனச்சோர்வைச் சொல்லாமல் மறதியை மட்டும் சொன்னால், நோயே வேறாகத் தோன்றக்கூடும்.

வங்கியில் பல்லாண்டு கண்டது ஒன்று உண்டு. தவணை கட்ட இயலாது என்று முன்னதாகவே வந்து சொன்னவருக்குத் தவணையை மாற்றி அமைத்துக் கொடுக்க வழி இருந்தது. கடைசி வரை மறைத்தவரின் வீடுதான் ஏலத்துக்கு வந்தது. மனநோயும் அப்படியே. எந்த மருத்துவமனைக்கு அஞ்சி மறைக்கிறோமோ, முற்றிய நிலையில் அங்கேயே தூக்கிச் செல்ல நேர்கிறது.

எப்படிச் சொல்வது? முதலில் அச்சத்தையே சொல்லுங்கள்: "ஐயா, உண்மையைச் சொன்னால் என்னைச் சேர்த்துவிடுவீர்களா? எந்த நிலையில் சேர்ப்பீர்கள்?" நேர்மையான மருத்துவர் விளக்குவார். மகன், மருமகள் முன்னால் பேசத் தயக்கமா? தனியே பேச வேண்டும் என்று கேளுங்கள். வாய் வராவிட்டால் தாளில் எழுதி நீட்டுங்கள். தூக்கம், உணவு, விட்டுப்போன மாத்திரைகள், உடன் உண்ணும் நாட்டு மருந்து யாவும் அதில் இருக்கட்டும்.

உயிரை மாய்த்துக்கொள்ளத் திட்டமே மனத்தில் உருவாகிவிட்டால், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். அருகில் இருப்பவரிடம் உடனே சொல்லி, அப்போதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் பேசலாம். அந்த நிலையில் சில நாள் மருத்துவமனையில் தங்க நேர்ந்தாலும் அது சிறையன்று, அன்பர்களே. எலும்பு முறிந்தவர் தங்குவதைப் போன்றதே.