கோழிக்கடைக் கர்னலுக்கு எதற்கு சல்யூட்?

போன வாரம் கேஎஃப்சி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், அட்டை வாளியில் சிரிக்கும் குறுந்தாடிக்காரரைக் காட்டி மகனிடம் சொன்னார்: “இந்தத் தாத்தா அமெரிக்க மிலிட்டரில பெரிய ஆபீசர்டா. ரிட்டயர் ஆனதும் கடை போட்டார்.” பையன் விறைப்பாக நின்று வாளிக்கு ஒரு சல்யூட் வைத்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பரிகாரம்தான் இது.

அந்த வாளித் தாத்தா ஹார்லண்ட் சாண்டர்ஸ் ராணுவத்தில் இருந்தது நிஜம். 1906இல், 16 வயதில், வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தார். கியூபாவில் கோவேறு கழுதைகளோடு சில மாதங்கள் வண்டி வேலை. சிப்பாயாகப் போனவர் சிப்பாயாகவே திரும்பினார். ‘கர்னல்’ பிறகு வந்தது: 1935இல் கென்டக்கி ஆளுநர் ரூபி லஃபூன் கொடுத்த கௌரவப் பட்டம். அந்த வெள்ளைக் கோட்டும் கறுப்புக் கழுத்துப் பட்டியும் சீருடை அல்ல, வியாபார வேஷம்.

1813இல் ஆளுநர் ஐசக் ஷெல்பி, போருக்குப் போய்வந்த சார்லஸ் டாடுக்கு இந்தக் கர்னல் பட்டத்தைக் கொடுத்தபோது அதில் வெடிமருந்து வாசனையாவது இருந்தது. பிற்பாடு நடந்ததுதான் கூத்து. எல்விஸ் பிரஸ்லியின் மேலாளர் டாம் பார்க்கரும் ‘கர்னல்’தான், 1948இல் லூசியானா ஆளுநர் கொடுத்தார். அந்த மனிதர் ராணுவத்தில் இருந்தபோது முகாமை விட்டு ஓடித் தண்டனை வாங்கியவர்!

“வெறும் பட்டம்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?” என்பார்கள். கௌரவ டாக்டர் பட்டம் வாங்கிய நடிகரிடம் போய் ஊசி போட்டுக்கொள்வீர்களா? அங்கே தெளிவாக இருக்கும் நமக்கு, கர்னல் என்றதும் மட்டும் கண் கட்டிவிடுகிறது.

நம் ராணுவத்தில் நிஜக் கர்னலின் தோளில் அசோகச் சிங்கமும் இரண்டு நட்சத்திரங்களும் இருக்கும். லெப்டினன்டில் தொடங்கி ஐந்தாவது படி அது. ஒரு காலாட்படை பட்டாலியன் என்றால் சுமார் 800 பேர். அவர்களை எங்கே நிறுத்துவது, எப்போது பின்வாங்கச் சொல்வது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. தப்பினால் சாவு விழும்.

அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டிய கர்னல் வேறொருவர். 2020 ஜூன் 15 இரவு, லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில், 16 பிகார் பட்டாலியனின் தளபதி கர்னல் சந்தோஷ் பாபு, தன் ஆட்களுக்குப் பின்னால் அல்ல, அவர்களோடு நின்று உயிரை விட்டார். அன்று மாண்ட 20 பேரில் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருவர்.