தாழ்ப்பாள் நம் பக்கம் இருக்கட்டும்

பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவில் வடை வாங்குகிறீர்கள். கடையில் ஒட்டியிருப்பது ஒரே ஒரு டூயிட்நவ் கியூஆர் குறியீடு. நீங்கள் டச் அண்ட் கோ மின்பணப்பையில் கட்டலாம். உங்கள் அப்பா மேபேங்க் செயலியில் கட்டலாம். பேநெட் 2019-இல் அறிமுகம் செய்த இந்தப் பொதுக் குறியீட்டின் விதிகள் எந்த ஒரு மின்பணப்பைக்கும் சொந்தமல்ல.

சமூக ஊடகத்தில் அப்படி இல்லை. கிள்ளானில் இருக்கும் உங்கள் தோழி புலனத்தை நீக்கிவிட்டு டெலிகிராமுக்குப் போய்விட்டால், புலனத்திலிருந்து அவருக்கு ஒரு வரிகூட அனுப்ப முடியாது. தொழில்நுட்பம் இல்லாததால் அல்ல. நிறுவனங்கள் கதவைப் பூட்டி வைத்திருப்பதால்.

பூட்டாத ஓர் ஊடகமும் இருக்கிறது. யூஜென் ரோச்கோ 2016-இல் ஜெர்மனியில் தொடங்கிய மாஸ்டடோன் அது. தனியார், சங்கங்கள், பல்கலைக்கழகங்கள் எனப் பலரும் நடத்தும் ஆயிரக்கணக்கான சர்வர்கள் சேர்ந்ததே மாஸ்டடோன். ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம். டபிள்யூ3சி அமைப்பு 2018-இல் ஏற்றுக்கொண்ட ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறை அவற்றை இணைக்கிறது.

2023 ஜூலையில் மெட்டா நிறுவனம் திரெட்ஸைத் தொடங்கியது. இதே நெறிமுறையில் தானும் இணையப்போவதாகச் சொன்னது. வருமுன்னே தடுப்போம் என்று பல சர்வர் நிர்வாகிகள் அறிவித்தார்கள். ரோச்கோ வரவேற்றார்.

பயந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. கூகுள் டாக் 2006-இல் எக்ஸ்எம்பிபி என்ற திறந்த நெறிமுறை வழியாகச் சிறிய சர்வர்களோடு இணைந்தது. ஜிமெயில் நண்பர்களோடு பேச முடிந்ததில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. 2013-இல் கூகுள் ஹேங்அவுட்ஸுக்கு மாறியது. புதிய சேவையில் அந்த இணைப்பு இல்லை. சிறிய சர்வரில் இருந்தவர்கள் தங்கள் நண்பர்களை இழக்கத் தொடங்கினார்கள். (நம் புலனமும் அதே எக்ஸ்எம்பிபியைத் தன் வசதிக்கு மாற்றி எடுத்துக்கொண்டு வளர்ந்ததுதான். கதவை மட்டும் வைக்கவில்லை.)

அப்படியிருந்தும் முழுத் தடை தவறு என்பேன். திரெட்ஸில் இருப்பது மெட்டா மட்டுமல்ல, உங்கள் ஆசிரியரும் மாமா மகனும்கூட. அவர்களை வெளியே நிறுத்தினால் மெட்டாவுக்கு நஷ்டமில்லை. மாஸ்டடோனில் நடுவழியும் உண்டு: பெரிய தளத்தின் பதிவுகளைப் பொதுப் பட்டியலில் காட்டாமல், விரும்பிப் பின்தொடர்பவர்களுக்கு மட்டும் காட்டும்படி நிர்வாகி அமைக்கலாம். வேண்டாம் என்பவர் தன் கணக்கில் மட்டும் அந்தத் தளத்தையே தடுத்துக்கொள்ளலாம். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

ஆனால், பெரியவர் ஒருநாள் வெளியேறினால் இந்த அமைப்புகள் எதுவும் உதவாது. மாஸ்டடோனில் ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றுக்குக் கணக்கை மாற்றினால் உங்களைப் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள். பழைய பதிவுகள் வராது. புலனத்திலிருந்து வேறு செயலிக்குப் போனால் அந்த அளவுகூட வராது.

மலேசியாவில் 80 லட்சம் பயனர்களைத் தாண்டிய சமூக ஊடகங்களுக்கும் குறுந்தகவல் சேவைகளுக்கும் 2025 ஜனவரி 1 முதல் உரிமம் கட்டாயம். இணையப் பாதுகாப்புக்காக வந்த விதி இது. வெளியேறும் பயனர் தன் தொடர்புகளை எடுத்துச் செல்ல வழிவிட வேண்டும், பிற தளங்களோடு வைத்த இணைப்பைத் திடீரென்று வெட்டக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளையும் அந்த உரிமத்தில் சேர்க்கலாமே.