அந்தக் கோலைக் கழற்றி எறியாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சுடுதண்ணி ஹீட்டர் இருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் பாதி என்மேல்.

உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். மார்கழி மழையில் சுபஹுக்கு எழும்பி பச்சைத் தண்ணியில் வுளூ எடுக்க அவவால் முடியாது. அதற்காகத்தான் தாங்கி வைத்த ஹீட்டர் ஒன்று வாங்கிப் பூட்டினேன். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு சுடுதண்ணிக் குழாயைத் திறந்தால் கூழ்முட்டை நாற்றம். பாஸ் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் ஹீட்டரைத் திறந்து, உள்ளேயிருந்து அரித்துப்போன ஒரு கோலை எடுத்துக் காட்டினார்.

"இதுதான் சேர் பழுது. கறள் பிடிச்சுப் போச்சு. இது தேவையில்லை, கழட்டி விட்டா வாசம் போயிடும்."

துவாரத்தை மூடி அடைத்தார். நாற்றமும் போனது. நான் தேத்தண்ணி கொடுத்து, கூலி கொடுத்து, நன்றியும் சொல்லி அனுப்பினேன். கோல் மதில் ஓரத்தில் கிடந்தது.

ஒன்றரை வருடம் போக, சுடுதண்ணி செம்மண் நிறத்தில் வந்தது. தாங்கியின் அடியில் ஈரம். கடைசியில் ஹீட்டரைப் போட்ட உடனே வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழத் தொடங்கியது. இந்த முறை கரண்ட் வேலை செய்யும் ஒருவர் வந்தார். அவர் சொன்னது இன்னும் மோசம். "ட்ரிப் சும்மா விழுது சேர். அதைத் தாண்டி நேரடியாக் குடுத்து விடட்டா?"

அன்று நான் சம்மதித்திருந்தால், அடுத்த நாள் சுபஹுக்கு அந்தக் குழாயைத் திறந்திருக்கப் போவது என் உம்மா. ஈரக் கையோடு, ஈரத் தரையில் நின்று. அல்ஹம்துலில்லாஹ், சம்மதிக்கவில்லை. ஆனால் ஒரு நிமிடம் யோசித்தேன். அதை மறைக்க மாட்டேன்.

வெட்கக்கேடு என்னவென்றால், நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு இரும்பாணியில் மகனீசிய நாடாவைச் சுற்றி வைத்து, "பாருங்கள் பிள்ளைகளே, மகனீசியம்தான் அரிபடும், ஆணி தப்பிக்கும், இதுதான் கதோட்டுப் பாதுகாப்பு" என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவன். என் குளியலறைக்குள் அதே பாடம் தொங்கிக்கொண்டு இருந்தது. எனக்குத் தெரியவில்லை. புள்ளி எடுக்க மட்டும் படிப்பித்தால் இப்படித்தான் ஆகும்.

அந்தக் கோலின் பெயர் அனோட். பெரும்பாலான ஹீட்டர்களின் தாங்கி உருக்குத் தகட்டால் ஆனது. உள்ளே கண்ணாடி போன்ற ஒரு எனாமல் பூச்சு. அந்தப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத சிறு ஓட்டைகள் எப்படியும் இருக்கும். அதன் வழியே தண்ணி இரும்பைத் தொடும். அங்கே கறள் பிடிக்காமல் இருக்க, இரும்பைவிட இலகுவில் அரிபடும் மகனீசியக் கோல் ஒன்றை உள்ளே விட்டிருப்பார்கள். அரிப்பு முழுக்க அதன்மேல் போகும். ஆகவே அரித்துப்போன கோல் பழுதான கோல் அல்ல. வேலை செய்து முடித்த கோல். அதற்குப் பதில் புதிது போட வேண்டும். கழற்றி எறிந்தால் அடுத்ததாக அரிபடுவது தாங்கி. சில வேளை தண்ணி சூடாக்கும் எலிமெண்டின் உறையும் சேர்ந்து அரிபடும். உறை போனால் கரண்ட் தண்ணிக்குள் கசியும். என் வீட்டில் ட்ரிப் விழுந்தது அதனால்தான். அது "சும்மா" விழவில்லை. எங்கள் உயிருக்காக விழுந்தது.

நம்பாதவர்கள் கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், கரையேற்றி வைத்திருக்கும் பலநாள் படகு ஒன்றின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். புரொப்பெல்லர் பக்கமாக நாகக் கட்டி பூட்டியிருக்கும். அதுவும் இதே வேலைதான். அது தேய்ந்தால் புதிது பூட்டுவார்கள். "இது கறள் பிடிச்சுப் போச்சு, தேவையில்லை" என்று எந்தச் சம்மாட்டியாவது கழற்றி எறிவாரா? பட்டம் எடுத்த எனக்குத் தெரியாதது கடலுக்குப் போகிறவருக்குத் தெரிந்திருக்கிறது.

இது புது விஷயமும் இல்லை. 1824இல் ஹம்ப்ரி டேவி பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்க இரும்பும் நாகமும் வைத்துப் பார்த்தார். செம்பு அரிபடுவது நின்றது. ஆனால் செம்பு கரையாததால் சிப்பியும் பாசியும் கப்பலில் ஒட்டத் தொடங்கின. கடற்படை அந்தக் காப்பையே கைவிட்டது. பக்கவிளைவைப் பார்த்து காவலைத் தூக்கி எறிவது அன்றைக்கே நடந்த பிழை. பிறகு இரும்புக் கப்பல் வந்தபோது நாகக் கட்டியைத் திரும்பப் பூட்டி, பாசிக்கு வேறு பூச்சுப் பூசினார்கள். எங்கள் ஹீட்டர் நாற்றமும் அப்படித்தான்.

நாற்றத்துக்கு வழி இருக்கிறது. முதலில் பச்சைத் தண்ணிக் குழாயை மோந்து பாருங்கள். அதிலும் நாறினால் பிழை கிணற்றில் அல்லது மேல் தாங்கியில். சுடுதண்ணி மட்டும் நாறினால்தான் ஹீட்டர். தண்ணியில் உள்ள சல்பேட்டைத் தின்னும் ஒருவகை பக்றீரியாவும் மகனீசியக் கோலும் சேர்ந்து அந்த வாயுவை உண்டாக்குகின்றன. நாள்கணக்கில் பாவிக்காமல் மூடி வைத்தாலும், சூட்டை மிகக் குறைத்து வைத்தாலும் கூடும். தாங்கியைக் கழுவி, சில மணி நேரம் 60 பாகைக்கு மேல் சூடாக்கி, அந்தத் தண்ணியைத் திறந்து விடுங்கள் (பிள்ளைகள் கிட்ட வராமல்). அதற்கும் போகாவிட்டால் அலுமினியம்–நாகம் கலந்த கோல் இருக்கிறது, அதை மாற்றிப் போடுங்கள்.

இனி, மின்சாரத்தில் இயங்கும் அனோட் உள்ள ஹீட்டர். சிறு விளக்கு ஒன்று இருக்கும். அது அணைந்தாலோ சிவப்பு எரிந்தாலோ "போர்ட் போச்சு" என்று உடனே சொல்லிவிடுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது: அதற்குக் கரண்ட் போகிறதா? தாங்கி நிறைந்திருக்கிறதா? வயர் பூட்டிய இடம் தளர்ந்து கறள் பிடித்திருக்கிறதா? கோல் தாங்கியில் முட்டுகிறதா? எங்கட வீடுகளில் இன்னொரு பழக்கம் உண்டு, குளித்து முடிந்ததும் பில்லுக்குப் பயந்து மெயின் சுவிட்சை அணைப்பது. அந்த வகையில் சுவிட்சை அணைத்தால் காவலும் சேர்ந்து அணைந்துவிடும். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் சூட்டைக் குறைக்கும் திருகி இருக்கிறது. கம்பனிப் புத்தகத்தை வாசியுங்கள்.

"சேர், எங்கட ஊர்க் கிணறு உவர். என்ன செய்தாலும் கறள் பிடிக்கும்" என்கிறார்கள். உண்மை, உவர்த் தண்ணியில் கோல் வேகமாகக் கரையும். அதனால்தான் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணி வீட்டுக்காரர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால், கிணற்றுத் தண்ணி வீட்டுக்காரர் வருடம் ஒருமுறை பாருங்கள். உள்ளிருக்கும் கம்பி தெரிந்தாலோ, பாதிக்கு மேல் மெலிந்திருந்தாலோ மாற்றுங்கள்.

"கோல் கிடைக்காது" என்பார்கள். பழைய கோலைக் கையோடு கொண்டு போங்கள். நீளமும் புரியும் ஒத்துப்போக வேண்டும். ஹீட்டர் வாங்கும் முன்பே கடையில் கேளுங்கள்: "இதில அனோட் இருக்கா? மாற்றுறதுக்கு உங்களிட்ட இருக்கா?" கடை வைத்திருக்கும் நானாமாரும் இதை விற்கும்போதே சொல்லுங்கள். சொல்லாமல் விற்பது நாலு வருடத்தில் இன்னொரு ஹீட்டர் விற்பதற்கு நல்ல வழிதான். அது நல்ல வியாபாரமா என்பதை உங்கள் மனச்சாட்சியிடம் கேளுங்கள்.

பாஸ்மாரை நான் குறை சொல்லி ஒதுக்கவில்லை. அவர்களுக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான்.

திறக்கும் முன்: மெயினை அணையுங்கள், ஆற விடுங்கள், பச்சைத் தண்ணி வால்வைப் பூட்டுங்கள், சுடுதண்ணிக் குழாயைத் திறந்து அமுக்கத்தை விடுங்கள். சில ஹீட்டர்களில் எலிமெண்டும் கோலும் ஒரே மூடியில் இருக்கும். தாங்கியை முழுதாக வடித்துவிட்டே கழற்ற வேண்டும், மூடியின் றப்பரையும் புதிதாகப் போட வேண்டும். தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ட்ரிப் சுவிட்சைத் தாண்டி லைன் கொடுக்கிறேன் என்று யார் சொன்னாலும், சொந்த மச்சானாக இருந்தாலும், வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

மதில் ஓரத்தில் கிடந்த கோலைத் தேடி எடுத்து வகுப்புக்குக் கொண்டு போனேன். இப்போது அந்தப் பாடத்தை அதை வைத்துத்தான் படிப்பிக்கிறேன். கோல் மாற்றுகிறவர்கள் பழையதைக் குப்பையில் போடாமல் எனக்குத் தாருங்கள். பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கட்டும்.

வஸ்ஸலாம்.