தக்காளி காட்டிக் கொடுத்தது

ரிடையர் ஆனதும் அப்பா மொட்டை மாடியில் பதினாலு தொட்டிகளில் தக்காளி வைத்தார். ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் யாரையும் அதட்டாத மனுஷர், இப்போது அணிலை அதட்டினார். செடிகளில் பக்கக் கிளை கிள்ளிவிடும் வேலையை நானே வலியக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அம்மாவுக்கு ஆச்சரியம். காரணம் வேறொன்றுமில்லை. எங்கள் வீட்டில் நிம்மதியாக ஒரு சிகரெட் பிடிக்க, வாட்டர் டாங்க்குக்குப் பின்பக்கம் மட்டும்தான் தோது.

ஒரு மாதத்தில் இலைகளில் திட்டுத் திட்டாக வெளிர்ப் பச்சையும் கரும்பச்சையும். நுனி இலைகள் சுருண்டன. நான் கிள்ளிய பத்துச் செடிகளும் அவுட். கைப்பிடிச் சுவர் ஓரமாக அப்பா பார்த்துக்கொண்ட நாலு மட்டும் ஜம்மென்று நின்றன.

அப்பாவின் சிநேகிதர் ஒருவர், விவசாய இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், வந்து இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"மொசைக் வைரஸ். யார் கிள்றது?"

"பையன்தான்."

அவர் என் விரல்களைப் பார்த்தார். "தம்பி, சிகரெட் உண்டா?"

அப்பா பக்கத்தில் நிற்கும்போது கேட்கிற கேள்வியா ஸார் இது?

புகையிலை மொசைக் வைரஸ் என்பது லேசுப்பட்ட ஆசாமி இல்லை. உலகத்தில் முதல்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட வைரஸே இதுதான். 1898-ல் ஹாலந்துக்காரரான பெய்ஜெரிங்க் இதற்குத்தான் 'வைரஸ்' என்று பேர் வைத்தார். குச்சி மாதிரி இருக்கும். 3,300 குச்சிகளை நீளவாக்கில் அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர். காய்ந்த புகையிலையில் வருஷக்கணக்காகச் சாகாமல் காத்திருக்கும். சிகரெட் தொட்ட கையால் தக்காளியைத் தொட்டால் அங்கே இறங்கிவிடும்.

மற்ற பல செடி வைரஸ்களுக்கு அசுவினி, வெள்ளை ஈ என்று வாகனம் வேண்டும். இதற்கு அதுகூட வேண்டாம். கிள்ளும்போது ஏற்படுகிற சின்னக் காயம் போதும்.

உள்ளே நுழைந்த பிறகுதான் அதற்குக் கஷ்டகாலம். செடியின் ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கெட்டியான சுவர். உடைக்க வைரஸிடம் ஆயுதம் கிடையாது. ஆனால் சுவரில் மிகக் குறுகலான சந்துகள் உண்டு. ஒண்டுக் குடித்தனத்தில் பக்கத்து போர்ஷனுக்கு ரசக் கிண்ணம் நீட்டுகிற ஜன்னல் மாதிரி. சர்க்கரை, உப்பு போன்ற சில்லறைச் சரக்குதான் சாதாரணமாக அதில் போகும். வைரஸ் போவதென்றால் அந்த ஜன்னல் வழியாகக் கட்டிலை நகர்த்துகிற கதை.

இங்கேதான் வைரஸின் சாமர்த்தியம். அது தயாரிப்பதே மொத்தம் நாலைந்து புரதங்கள்தான். அதில் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறது. அந்த 'நகர்த்தும் புரதம்' சந்துக்குப் போய் அதை அகலப்படுத்துகிறது. வைரஸின் ஆர்.என்.ஏ.வையும் கட்டியணைத்துக்கொள்கிறது. வைரஸ் தன் புரதச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் இழையாகப் பக்கத்து செல்லுக்குள் நழுவுகிறது. சுவர் இடியவில்லை, பூட்டு உடையவில்லை. உள்ளே தெரிந்த பியூன் இருந்தால் மேனேஜர் ரூமுக்குள் போகிறோமே, அதேதான். பிறகு சர்க்கரை போகும் குழாயைப் பிடித்துவிட்டால் நேரே கொழுந்து இலைக்கு எக்ஸ்பிரஸ்.

இது வெறும் ஊகம் இல்லை. இந்த வைரஸில் ஒரு நொண்டி ரகம் உண்டு. 32 டிகிரி சூட்டில் செல்லுக்குள் பெருகும், ஆனால் அடுத்த செல்லுக்கு நகராது. 1987-ல் அமெரிக்காவில் ரோஜர் பீச்சியின் குழு, நல்ல வைரஸின் நகர்த்தும் புரதத்துக்கான ஜீனைப் புகையிலைச் செடிக்குள்ளேயே புகுத்தியது. அந்தச் செடியில் நொண்டியும் ஓடியது! ஆக, பியூன் இல்லையென்றால் வைரஸ் ஒரே அறையில் ஆயுள் கைதி.

"விதையோடயும் வந்திருக்கலாம்" என்று நண்பர் எனக்குச் சந்தேகத்தின் பலனை அளித்தார். நான் நிமிர்ந்தேன். உடனே, "ஆனா ஒரு செடிலேர்ந்து பத்து செடிக்குப் போனது உன் விரல்லதான்" என்று உட்கார வைத்தார்.

யோசித்தால் சரிதான். செடிக்குள்ளே அந்தப் புரதம் பார்த்த உத்தியோகத்தை, செடிக்கு வெளியே நான் பார்த்திருக்கிறேன். சம்பளம்கூட இல்லாமல்.

மருந்து கிடையாதாம். பத்தையும் வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்தணும். அப்பா என்னைக் கூப்பிடவில்லை. ஒவ்வொன்றாக அவரே பிடுங்கினார். ஒன்றில் நாலைந்து காய்கள் இருந்தன. அதைப் பிடுங்குமுன் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் மாடிக் குழாயடியில் புது சோப்பு ஒன்று இருந்தது.

"இனிமே கை கழுவிட்டு செடிகிட்ட வா" என்றார் அப்பா.

எதை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கைகழுவி எட்டு மாதம் ஆகிறது.